உர்மாஸ், எண்ணிக்கை ஒன்று, நிலை நன்று

கஃப்ர் சனாபில் கலைக்கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருஷமாக ஒரு புத்தகம்கூடக் காணாமல் போனதில்லை. அதற்கு ஒரே காரணம் நூலகர் உஸ்தாத் ஷஹாத்தா. அவர் யாருக்கும் புத்தகம் கொடுத்ததில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எகிப்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற எவனுக்கும் உஹ்தா என்றால் பயம். நாற்காலியோ, மேசை விளக்கோ, புத்தகமோ, எதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுகிறானோ அது அவன் உஹ்தா. அன்றிலிருந்து அது அவன் கழுத்தில் கட்டிய மணி. ஓய்வு பெறும் நாளில் அத்தனையையும் அடுத்து வருகிறவனிடம் எண்ணிக் கொடுத்து, "இவரிடம் எதுவும் பாக்கியில்லை" என்று அரசாங்கத்தின் கழுகு முத்திரை குத்திய விடுவிப்புத் தாளை வாங்கிய பிறகே வீட்டுக்குப் போகலாம். ஒன்று குறைந்தால் விசாரணை. இரண்டு குறைந்தால் கமிட்டி.

ஷஹாத்தா இருபத்தொன்பதாவது வயதில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு புத்தகங்களுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே அலமாரிகளுக்கெல்லாம் பூட்டு வாங்கினார். புத்தகம் கேட்டு யாராவது வந்தால் எதற்கு என்று கேட்பார். பரீட்சைக்கு என்றால் பாடப் புத்தகம் போதும். பொது அறிவுக்கு என்றால் வீட்டில் டிவி இருக்கிறது. ஆராய்ச்சிக்கு என்று சொன்னால் மட்டும் எழுந்து வந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் புத்தகத்தின் முதுகைக் காட்டுவார். தலைப்பும் ஆசிரியர் பெயரும் முதுகிலேயே இருக்கின்றன, அடிக்குறிப்பில் போட அது போதும் என்பார். அந்தக் கல்லூரியில் எழுதப்பட்ட முக்கால்வாசி ஆய்வேடுகளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தொன்பதரை வயது முடிந்த சமயத்தில் அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நூலகவியலிலும் தகவல் அறிவியலிலும் பன்னாட்டு ஆராய்ச்சியை ஊக்குவிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வெளிநாட்டு அறிஞரோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி ஜூன் முடிவதற்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கல்லூரித் தலைவர் டாக்டர் லுத்ஃபி கடிதத்தை இரண்டு முறை படித்தார். இதில் தப்பு நடந்தால் யார் தலையில் போடலாம் என்று யோசித்தார். ஜூலை ஒன்றாம் தேதி ஓய்வு பெறப்போகிற ஆள் ஷஹாத்தா ஒருவர்தான். அன்றே "நூலகவியல் மற்றும் தகவல் அறிவியல் பன்னாட்டு ஆராய்ச்சி ஊக்குவிப்புப் பிரிவு" தொடங்கப்பட்டது. பெயர்ப்பலகை கதவைவிட நீளமாக வந்துவிட்டதால் அதைச் சாய்த்து மாட்டினார்கள். தலைவர் ஷஹாத்தா. உறுப்பினர்கள் என்று யாரும் இல்லை.

வெளிநாட்டுக்கு நாற்பது கடிதம் போனதில் ஒன்றுக்குப் பதில் வந்தது. எஸ்டோனியா என்கிற நாட்டிலிருந்து உர்மாஸ் என்ற ஆராய்ச்சியாளர், சிற்றூர் நூலகங்களில் வாசகர் கைக்குப் புத்தகம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஆராய விரும்புவதாக எழுதியிருந்தார். அந்தத் தலைப்பைப் படித்தபோதே ஷஹாத்தாவுக்கு வாயில் வைத்த தேநீர் கசந்தது.

ஏப்ரல் கடைசியில் உர்மாஸ் வந்து சேர்ந்தார். ஆறடி நாலங்குலம், புருவம்கூட வைக்கோல் நிறம். அரபியைப் பழைய நூல்களிலிருந்து கற்றவர். வாயைத் திறந்தால் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும். வாசலில் காவல்காரர் பதாவி அவரை நிறுத்தினார்.

"பேப்பர் இல்லாம உள்ள விட முடியாது பாஷா. வெளியிலேர்ந்து எது வந்தாலும் பேப்பர் வேணும். ஆட்டுக்குட்டி வந்தாலும் வேணும்."

"ஐயா, யான் அறிவை நாடி வந்தவன்," என்றார் உர்மாஸ்.

"நாடுங்க, வேணாங்கல. பேப்பரோட நாடுங்க."

வெளிநாட்டு அறிஞரை உள்ளே விடுவதற்கென்று கல்லூரியில் படிவம் கிடையாது. இதுவரை எந்த அறிஞரும் வந்ததில்லை. வெளியிலிருந்து வருவதைப் பெற்றுக்கொள்ளக் கழுகு முத்திரையோடு இருந்த ஒரே தாள், பண்டகசாலையின் சரக்கு ஏற்புப் படிவம். டாக்டர் லுத்ஃபி அவசரத்தில் இருந்தார். வரவேற்பைப் படம் பிடிக்க வந்தவன் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தான். எழுத்தர் படிவத்தை நிரப்பினார். பொருள்: ஆராய்ச்சியாளர், உர்மாஸ், வெளிநாடு. எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று. துணைப் பாகங்கள்: தோள்பை ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், முப்பத்தொரு வருஷமாக ஒரு தாளையும் மூன்று முறை படிக்காமல் தொடாத ஷஹாத்தா, புகைப்படத்துக்குச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

என்ன நடந்தது என்பது அவருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பண்டகசாலை அதிகாரி மேடம் இன்சாஃப் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடும் தூரிகையோடும் நூலகத்துக்கு வந்தார். எப்போதும் தன் மேசையில் உட்கார்ந்து மதியச் சமையலில் அரிசி அடைக்கக் கூசாக் காயைக் குடைந்துகொண்டே கோப்புப் பார்க்கிற அம்மாள், அதைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார் என்றால் விஷயம் பெரிது.

"நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு. எங்க எழுதட்டும்?"

"எதுக்கு நம்பர் மேடம்? புதுசா ஒன்னும் வரலையே."

மேடம் தூரிகையால் உர்மாஸைக் காட்டினார். பிறகு படிவத்தைக் காட்டினார். ஷஹாத்தா மூன்று முறை படித்தார். கையெழுத்து தன்னுடையதுதான். உர்மாஸ் இனி தன் உஹ்தா. முதுகில் எழுதுவதா, செருப்பின் அடியில் எழுதுவதா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் தகரத் தகடு ஒன்றில் எண்ணை எழுதித் தோள்பை வாரில் கட்டினார்கள். உர்மாஸ் அதை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அன்று முதல் ஷஹாத்தாவுக்கு நிம்மதி போயிற்று. புத்தகம் என்றால் வைத்த இடத்தில் இருக்கும். இது நடக்கிறது. தெருவைக் கடக்கிறது. உர்மாஸ் குடியிருந்த வீட்டு வாசலில் ஷஹாத்தா காலையில் போய் நிற்பார். மைக்ரோபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார விடாமல் உள்பக்கம் தள்ளி உட்கார வைப்பார். மாலையில் கொண்டுபோய் விட்டு, கதவு தாழ் விழும் சத்தம் கேட்ட பிறகு திரும்புவார். வெயிலில் உர்மாஸின் மூக்குத் தோல் உரிந்தபோது, "நிலை நன்று" என்று எழுதியிருக்கிறதே என்று மருந்துக் கடையில் மூன்று வகைக் களிம்பு வாங்கினார். ஒருநாள் கண் அசந்த நேரத்தில் உர்மாஸ் தள்ளுவண்டியில் ஈரல் சாண்ட்விச் வாங்கித் தின்றுவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஷஹாத்தாவின் மனைவி உம்மு ராவியாதான் எலுமிச்சம்பழமும் சோறுமாகக் கொடுத்து அவரைத் தேற்றினார். தேறிய பிறகு முலூக்கியாக் கீரையும் கோழியும் ஆக்கிப் போட, ஜூன் முதல் வாரத்தில் உர்மாஸின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. எடை கூடினாலும் கணக்கில் வித்தியாசம் வருமா என்று ஷஹாத்தா மேடத்திடம் போய்க் கேட்டார். படிவத்தில் எடைக்கு இடமில்லை, தின்னட்டும் என்றார் மேடம்.

உர்மாஸுக்கோ இது கொண்டாட்டம். வந்த முதல் வாரத்தில் அவரும் எல்லோரையும்போலப் புத்தக முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தகடு கட்டிய மறுநாள் வந்து, "ஐயா, யானும் இந்நூல்களும் ஒரே பொறுப்பின்கீழ் உள்ளோம். ஆகவே அவற்றுடன் இருப்பது எனக்கு முறைதானே?" என்று கேட்டார். ஷஹாத்தா எவ்வளவோ யோசித்தும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. சரக்கோடு சரக்கு இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பூட்டைத் திறந்துவிட்டார். அந்த நூலகத்தின் புத்தகங்களை முதன்முதலாகத் திறந்து படித்தவர் அதே நூலகத்தின் நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழாவது பொருள்.

ஜூன் எட்டாம் தேதி ஷஹாத்தா விடுவிப்புத் தாளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு பண்டகசாலைக்குப் போனார். மேடம் இன்சாஃப் கூசாவைக் குடைந்தபடியே இரண்டு தடைகளைச் சொன்னார். முப்பதாம் தேதி வருஷக் கணக்கெடுப்பு. அன்றைக்கு உர்மாஸ் இருந்தாக வேண்டும். உர்மாஸின் விமானமோ இருபதாம் தேதி. இல்லையென்றால் காணாமல் போன சரக்கு, விசாரணை. அது முதல் தடை. இரண்டாவது, புத்தகங்களைப் பெற்றுக்கொள்ள அடுத்த ஆள் வேண்டும். பதினாலு வருஷமாக அரசாங்கம் புது ஆள் எடுக்கவில்லை.

"ஆள் வர்ற வரைக்கும்?"

"வர்ற வரைக்கும் நீங்கதான். வேளாண் பள்ளிக்கூடத்து ஜாபிர் இல்லையா? அதே மாதிரி."

ஜாபிரை ஊருக்கே தெரியும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அறுபது முடிந்தவர். நூற்றுப் பன்னிரண்டு மண்வெட்டிகளைப் பெற்றுக்கொள்ள ஆள் வராததால், எழுபத்துமூன்று வயதில் இன்றும் காலை எட்டு மணிக்குத் தடியூன்றி வந்து மண்வெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். உத்தியோகஸ்தரும் இல்லை, ஓய்வு பெற்றவரும் இல்லை. சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாத மனிதர். ஷஹாத்தா அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

டாக்டர் லுத்ஃபியிடம் போய் முறையிட்டார். அவர் சுலபமான வழி சொன்னார். கழிவுக் கமிட்டியைக் கூட்டி, உர்மாஸ் பயன்படுத்த முடியாத நிலையை அடைந்துவிட்டதாக எழுதிக் கழித்துவிட்டால் போயிற்று.

"கழிச்சா ஏலத்துல விடணும் டாக்டர்," என்றார் கூடவே வந்திருந்த மேடம். "பழைய இரும்பு எடுக்கிறவன்தான் வருவான்."

ஷஹாத்தா அதுவரை கல்லூரித் தலைவரை எதிர்த்துப் பேசியதில்லை. "நல்ல நிலையில வாங்கினேன் டாக்டர். நல்ல நிலையிலதான் இருக்காரு. கழிவுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வழி கண்டுபிடித்தது உர்மாஸ்தான். அலமாரிக்குள் இருந்த புத்தகங்களில் நூலகச் சட்டதிட்ட நூலும் ஒன்று. யாரும் திறக்காததால் அதன் பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. அவற்றைக் கத்தியால் பிரித்துப் படித்து, ஒன்பதாம் இயலோடு ஓடிவந்தார். இரவல் போன பொருள் கணக்கெடுப்பில் இருப்பதாகவே கொள்ளப்படும். அதன் பொறுப்பு இரவல் பெற்றவரையே சேரும்.

இரவல் என்ற சொல்லைக் கேட்டதும் ஷஹாத்தா, யாரோ தன் வீட்டுப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் முழுக்க உர்மாஸோடு பேசவில்லை. மறுநாள் ஜாபிர் தடியூன்றி வேலைக்குப் போவதை மைக்ரோபஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நேராகப் பண்டகசாலைக்குப் போய்ச் சட்ட நூலை மேசைமேல் விரித்தார்.

மேடம் இன்சாஃப் மூன்று முறை படித்தார். குடைந்துகொண்டிருந்த காயைக் கீழே வைத்தார்.

"சரி, இருக்கு. யாருக்கு இரவல் கொடுக்கப் போறீங்க?"

"அவங்க ஊரு நூலகத்துக்கு."

"ஆகாது. இந்த நூலகத்து உறுப்பினருக்குத்தான் கொடுக்கலாம். அடுத்த வரியப் பாருங்க."

கூடவே வந்திருந்த உர்மாஸ் வகுப்பில் பையன் கையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். மற்றொரு கையில் உறுப்பினர் அட்டை. வந்த அன்று புகைப்படத்துக்காக அவருக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள்.

"அம்மையீர், யான் உறுப்பினன்."

"பொருளும் நீங்க, இரவல் வாங்கறதும் நீங்களா?"

"ஒன்பதாம் இயலில் அதற்குத் தடை ஏதும் இல்லை."

மேடம் அந்தப் பக்கத்தின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தார். "இல்லதான்," என்றார். "இல்லாதத நான் எதுக்கு உண்டாக்கணும்?"

இரவல் பதிவேடு முப்பத்தொரு வருஷம் பழையது, புத்தம் புதியது. முதல் வரியை எழுத ஷஹாத்தா இரண்டு முறை பேனாவை மாற்றினார். பொருளின் எண் 4217. தவணை இருபதாம் தேதி முதல் பதினைந்து நாள், புதுப்பிக்கலாம். தன்னைத் தானே நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக உர்மாஸ் கையெழுத்துப் போட்டார். இருபதாம் தேதி கெய்ரோ விமான நிலையத்தில் அவரை அணைத்து வழியனுப்பியபோது ஷஹாத்தா சொன்னது ஒன்றுதான்: "தம்பி, தவணை மறக்காதே."

மறுநாள் காலையில் உம்மு ராவியா அவித்த மொச்சையும் ரொட்டியும் எடுத்து வைத்தார். ஷஹாத்தா கழுத்தைத் தடவிக்கொண்டு, ஒரு சுமை இறங்கின மாதிரி இருக்கிறது என்றார்.

"ஒரு சுமைதானே இறங்கிச்சு, ராவியா அப்பா. மிச்சம் நாலாயிரமும் உங்களக் கட்டிக்கிட்டு ஜாபிர்கூடத்தான் உக்காரப் போகுது. அதுங்களையும் இதே மாதிரி ஊரார் தலையில கட்டுங்களேன்."

அம்மாள் கேலியாகத்தான் சொன்னார். ஷஹாத்தா ரொட்டியைக் கையில் வைத்தபடி கணக்குப் போட்டார். உஹ்தாவில் ஒன்றும் கையிருப்பு இல்லையென்றால் ஒப்படைக்க ஒன்றுமில்லை. ஒப்படைக்க ஒன்றுமில்லையென்றால் பெற்றுக்கொள்ள ஆள் எதற்கு? அவர் எழுந்து கை கழுவாமலே சட்டையை மாட்டினார்.

ஒன்பது நாள். ஓர் ஆளுக்கு ஐந்து புத்தகம் என்பது சட்டம். எழுநூறு மாணவர்கள் பரீட்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்று நூலகக் கதவு திறந்திருந்தது. முதலில் வந்த பெண் ஒரே ஒரு புத்தகம் கேட்டாள், அதையும் பயந்துகொண்டே கேட்டாள்.

"அஞ்சு எடுத்துக்கம்மா."

"ஒன்னு போதும், உஸ்தாத்."

"வீட்டுல அண்ணன் தம்பி படிக்க மாட்டாங்களா? எடுத்துக்க."

அந்தப் பெண் வெளியே போய் உஸ்தாதுக்கு உடம்பு சரியில்லை என்று தோழிகளிடம் சொன்னாள். அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஐந்தைந்தாகச் சுமந்துகொண்டு போனார்கள். இருபத்தாறாம் தேதி மாணவர்கள் தீர்ந்துவிட்டார்கள். ஷஹாத்தா புத்தகத்தைக் கோணியில் கட்டி, பதிவேட்டையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மொச்சை வண்டிக்காரர், முடிதிருத்துகிறவர், பள்ளிவாசல் இமாம், தேவாலயத்துப் பாதிரியார், மைக்ரோபஸ் ஓட்டுநர்கள், எல்லோரும் உறுப்பினரானார்கள். இருபது தொகுதிக் கலைக்களஞ்சியம் கறிக்கடைக்காரரின் நான்கு பிள்ளைகளிடம் போயிற்று. மண்ணியல் பற்றிய ஜெர்மன் புத்தகங்கள் எழுபதை எவரும் தொடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்து, சாப்பிட வந்தவர்களின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி அவற்றைத் தீர்த்தார். ஜாபிருக்கும் ஐந்து கொடுத்தார். ஜாபிர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டார். திருப்பி என்னிடமே என்று பொய் சொல்ல ஷஹாத்தாவுக்கு வாய் வரவில்லை. அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் நான்கை வாசல் காவல்காரர் பதாவி எடுத்துக்கொண்டார்.

முப்பதாம் தேதி காலையில் ஒரு புத்தகம் மிச்சம் இருந்தது. டாக்டர் லுத்ஃபி எழுதியது. ஷஹாத்தா அதை அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தார்.

"எனக்கு எதுக்கய்யா? என்கிட்டயே நாப்பது கிடக்கு."

"நாப்பத்தொன்னா இருக்கட்டும், டாக்டர். இங்க ஒரு கையெழுத்து."

பத்து மணிக்கு மேடம் இன்சாஃப் இரண்டு எழுத்தர்களோடு கணக்கெடுக்க வந்தார். அலமாரிகளில் தூசி மட்டும் இருந்தது. புத்தகம் இருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. மூவரும் பதிவேட்டை எண்ணினார்கள். மதியம் வரை எண்ணினார்கள், ஒருமுறை தப்பாகப் போய் மறுபடி எண்ணினார்கள். நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு வரி. எல்லாம் இருப்பில், கையில் ஒன்றும் இல்லை. மேடம் பதிவேட்டை மூடினார்.

"இதத் திருப்பிக் கொண்டுவந்தா யாரு வாங்குவா?"

"அது ஒன்பதாம் இயல்ல இல்ல மேடம்."

கழுகு முத்திரை விழுந்தது. மேடம் அதை ஊதிக் காய வைத்துக் கொடுத்தார். நீங்கள் முன்னாலேயே இப்படிச் செய்திருக்கலாம், என் பையன் டிப்ளமாவுக்கு ஒரு புத்தகம் கேட்டு நாலு வருஷம் நடந்தான் என்று மட்டும் சொன்னார். ஷஹாத்தாவுக்கு அந்தப் பையனை நினைவிருந்தது. புத்தகத்தின் முதுகைக் காட்டி அனுப்பியிருந்தார்.

டாக்டர் லுத்ஃபியின் அறிக்கை அன்றே அமைச்சகத்துக்குப் போயிற்று. பன்னாட்டு ஆராய்ச்சியின் விளைவாக நூலகப் பயன்பாடு ஒன்பது நாளில் ஏறிய விகிதத்தைக் கணக்கிட முடியவில்லை, முந்தைய வருஷங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதால் வகுக்க வரவில்லை என்று அதில் இருந்தது. அமைச்சகம் பாராட்டுக் கடிதம் அனுப்பி, மற்ற கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றது. உர்மாஸ் நூலகப் பொருளின் பார்வையில் எழுதிய கட்டுரை ஒரு பன்னாட்டு இதழில் ஏற்கப்பட்டது. தவணை முடிவதற்கு ஒரு நாள் முன்பு அவர் தொலைபேசியில் கூப்பிட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டார். அந்த அதிகாரம் இப்போது தனக்கு இல்லை என்று ஷஹாத்தா மெல்லச் சொன்னார்.

ஆனால் அது பிறகு. ஜூலை ஒன்றாம் தேதி, விடுவிப்புத் தாளைக் கோப்பில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஷஹாத்தா மைக்ரோபஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் புத்தகம். எண் 2308 என்பது அட்டையைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். அவள் வறுத்த சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே படித்தாள். தோல் பக்கத்தின்மேல் விழுந்தது. அதை ஊதித் தள்ளினாள். இறங்க வேண்டிய இடம் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, படித்த பக்கத்தின் மூலையை மடித்தாள். அழுத்தி மடித்தாள், நகத்தால் ஒருமுறை தேய்த்தும் விட்டாள்.

ஷஹாத்தா அதட்ட வாயைத் திறந்தார். கோப்பின் உள்ளே கழுகு முத்திரை இருந்தது. அவரிடம் எதுவும் பாக்கியில்லை.

"வண்டிய ஓரமா நிறுத்துப்பா," என்றார் ஓட்டுநரிடம். வீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. இறங்கி, வெயிலுக்குக் கோப்பைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நடந்தார்.